ஊரே பார்க்கும் கம்பி வேலி: தகரம் அடிக்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் 12 சென்ட் இடத்தில் வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. ஏழடிக் கல்லுக்காலை இரண்டடி மண்ணுக்குள் புதைத்து, மேலே ஐந்தடிக்குக் கம்பி வலை கட்டியிருக்கிறோம். எட்டடிக்கு ஒரு கால். அப்போது எதிரில் சோளக்காடு. இப்போது ரோட்டை அகலப்படுத்தி ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். எதிரில் டீக்கடை வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூட ஐந்தாறு பேர் பார்க்கிறார்கள். வடக்குப் பக்கத்து வீட்டில் மாடி எடுத்துப் பால்கனி வைத்துவிட்டார்கள். என் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்த உட்காரும் கல் அங்கிருந்து நேராகத் தெரிகிறது. ரோட்டுப் பக்கம் 60 அடி, வடக்கே 40 அடி. வீட்டுக்காரர், வேலியை எட்டடிக்கு உயர்த்தித் தகரம் அடித்துவிடலாம் என்கிறார். மகன் பச்சை வலை போதும் என்கிறான். நர்சரியில் கோனோகார்பஸ் என்ற மரத்தை வைக்கச் சொல்கிறார்கள். மாமியார், “எதை வேணும்னாலும் பண்ணுங்க, என்னை ஜெயில்ல போட்ட மாதிரி பண்ணிடாதீங்க” என்கிறார். போர் தண்ணீர் உப்பு. தெருவில் ஆடுகள் நிறைய. பக்கத்து வீட்டுப் பால்கனியை மூடச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் மாமியார் சொன்ன வார்த்தை. இருபது வருடத்துக்கு மேலாகத் தோட்டம் அமைத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். வேலியை மறைக்கக் கூப்பிட்ட வீடுகளில் பாதிப் பேர், மறைத்து முடித்த ஆறாவது மாதம், “காத்தே வரமாட்டேங்குது, வாசல்ல யார் நிக்கிறாங்கன்னே தெரியல” என்று போன் செய்திருக்கிறார்கள். அந்தப் பெரியம்மா அதை முன்னாலேயே சொல்லிவிட்டார். அவர் பேச்சை வைத்துத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலத்தை இதற்கென ஒதுக்குங்கள். நீங்கள் வெங்காயம் உரிக்கும் அதே இடத்தில், அதே முக்காலியில் உட்காருங்கள். மகனை டீக்கடை ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, கம்பி வலையில் கையை வைத்து மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கை வரும்போது மகனுடைய கண் உங்களுக்கு மறைகிறதோ, அங்கே ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். உங்கள் உச்சந்தலையும் மறைய அதற்கு மேல் ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரம்தான் அந்த இடத்தில் உங்களுக்குத் தேவை.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிற்கிற ஆளின் கண் தரையிலிருந்து ஐந்தடி. ரோடு ஒன்றரை அடி உயர்ந்ததால் உங்கள் தரைக்கு ஆறரை அடி. அவர் வேலியிலிருந்து 20 அடி தள்ளி நிற்கிறார், நீங்கள் 15 அடி உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள், உட்கார்ந்த ஆளின் தலை நாலடி உயரம் என்று வைத்துக்கொண்டால், வேலியில் வேண்டிய மறைவு ஐந்தடிக்கு ஒரு அங்குலம்தான் கூடுகிறது. உங்கள் வேலி இப்போதே ஐந்தடி இருக்கிறது. எட்டடிக்கு ஏற்றவேண்டிய தேவையே இல்லை. பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியுமே என்பீர்கள். தெரியும், கண் மூடித் திறப்பதற்குள் பஸ் போய்விடும். அந்தப் பார்வைக்காக வேலி கட்ட ஆரம்பித்தால் அதற்கு முடிவில்லை.

இதே கணக்கை வடக்குப் பக்கம் போட்டால் விடை வேறு மாதிரி வருகிறது. பால்கனியில் நிற்பவரின் கண் சுமார் 16 அடி உயரத்தில் இருக்கும். பால்கனி வேலியிலிருந்து 15 அடி, மாமியாரின் கல் வேலியிலிருந்து 10 அடி உள்ளே என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பார்வையை வேலியிலேயே தடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒன்பதடி உயரம் வேண்டும். அதையே கல்லுக்கு மூன்றடி தள்ளி ஒரு தட்டி வைத்துத் தடுத்தால் ஐந்தரை அடி போதும். பால்கனி 12 அடி அகலம் என்றாலும் தட்டி ஆறடி அகலம் இருந்தால் இரண்டு ஓரமும் மறைந்துவிடும். 40 அடி நீளத்துக்கு ஒன்பதடிச் சுவர் எழுப்ப நினைத்த இடத்தில், இரட்டைக் கதவு அகலத்துக்கு ஒரு தட்டி வேலையை முடித்துவிடுகிறது. தூரங்களை நான் உத்தேசமாக எடுத்திருக்கிறேன். நீங்கள் டேப் வைத்து அளந்து திருத்திக்கொள்ளுங்கள். மறைப்பு நமக்குப் பக்கத்தில் வர வர உயரமும் அகலமும் குறைந்துகொண்டே வரும் என்பது மட்டும் எந்த வீட்டிலும் மாறாது.

தட்டி வடக்கே நிற்பதால் மாமியாருக்கு வெயிலும் மறையாது. முடி உலர்த்துகிறவருக்கு அது முக்கியம். அந்தத் தட்டியில், அவர் உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில், மூங்கில் பிளாச்சுகளை (பிளந்த பட்டைகளை) இரண்டு விரல்கடை இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். இடுக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே இருப்பவருக்கு வெளியே அகலமாகத் தெரியும். வெளியே தூரத்தில் நிற்பவருக்கு ஒரு கோடுதான் தெரியும். பழைய வீடுகளில் சமையல்கட்டுச் சுவரில் சின்னச் சின்னச் சந்துகள் வைத்துக் கட்டியிருப்பார்களே, அதே வித்தைதான். அந்தப் பக்கம் யார் வந்தாலும் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இனி தகரத்துக்கு வருவோம். உங்கள் ரோட்டுப் பக்கம் மேற்கே பார்த்தது என்று நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. ஆனி, ஆடியில் அதன் வழியாக வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, குடிமங்கலம், பூளவாடிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றுக்கு நேர் எதிரில் 60 அடிக்குத் தகரப் பாய் விரிக்கப் பார்க்கிறீர்கள்.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், அடைத்த பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 14 கிலோ எடை சாய்ந்த மாதிரி அழுத்தம் விழும். உங்கள் இரண்டு கல்லுக்கால்களுக்கு நடுவில் எட்டடிக்கு ஐந்தடி இடம். அதில் மட்டும் 50 கிலோவுக்கு மேல் சாய்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். எட்டடிக்கு உயர்த்தினால் பரப்பும் கூடுகிறது, தள்ளுகிற இடமும் மேலே போய்விடுகிறது. கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புகிற மாதிரி, காலின் அடியில் அத்தனை பலமும் இறங்கும். கல்லுக்கால் பாரம் தாங்கும், வளைவைத் தாங்காது.

சில வருடங்களுக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் வேண்டாமென்று சொல்லியும், கம்பி வேலி முழுவதும் நெருக்கமான பச்சை வலையை இழுத்துக் கட்டினார்கள். ஆடி பிறந்து பத்து நாளில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஆறு கல்லுக்கால் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் தரை மட்டத்தில் முறிந்திருந்தது. முறிந்த இடம் கற்கண்டை உடைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று மினுங்கியது. மேலே வருடக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த கல், உள்ளே புத்தம் புதிதாக இருந்தது. வலை ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. வலை கிழிந்திருந்தால் கல் பிழைத்திருக்கும். விழுந்தது ராத்திரி என்பதால் ஆள் யாரும் அடியில் இல்லை. உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் நடக்கிற ரோடு. இதை வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடைத்த வேலி இன்னொன்றும் செய்யும். காற்று அதைத் தாண்டிக் குதித்து, பின்னால் சுழன்று இறங்கும். வாசலில் உலர்த்திய துணியும் தூசியும் சேர்ந்து சுற்றும். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருக்கிற வேலியில் காற்று சல்லடைபோல் வடிகட்டி உள்ளே வரும். வேலி உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அது அடங்கியே இருக்கும். செடி வேலி செய்வது இதைத்தான்.

மகனுடைய யோசனையை நான் முழுதாகத் தள்ளவில்லை. செடி வளரும்வரை ஒரு மறைப்பு வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம். வலை கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் 50 சதவீதம் நிழல் தரும் வலையாக வாங்குங்கள். கடையில் 75, 90 என்றும் தருவார்கள், அவை வேண்டாம். 60 அடியும் கட்டாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேரே இரண்டு கால் இடைவெளி, அதாவது 16 அடி போதும். கீழே ஒரு அடி விட்டுவிடுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் வலையை அறுத்துவிடும். ஓரத்தை மடித்துத் தைத்து, கயிற்றால் கட்டுங்கள். காற்று மிஞ்சினால் கயிறு முதலில் அறுந்துபோக வேண்டும், கல் நிற்க வேண்டும். ராத்திரியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வலை பகலில்தான் மறைக்கும். உள்ளே வாசல் விளக்கு எரிந்து வெளியே இருட்டாக இருந்தால், வலை இருப்பதே தெரியாமல் வீடு முழுவதும் தெரியும். வாசல் விளக்குக்குக் கீழ்நோக்கி வெளிச்சம் விழுகிற மாதிரி மூடி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளில் பிளாஸ்டிக் இலைப் பாய் என்று ஒன்று தொங்கும். நம் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்காது, வெளுத்து உதிர்ந்து மண்ணில் கலக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். வேகமாக வளரும், பச்சையாக நிற்கும், நர்சரிக்கு விற்பது சுலபம். வேர் தண்ணீரைத் தேடித் தூரம் போய்க் குழாய்களையும் கால்வாய்களையும் கெடுக்கிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகார்களால் குஜராத் 2023இல் அதை நடத் தடை போட்டது. 2025இல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. நம் பக்கம் சீமைக்கருவேலத்துக்கு வேலிக்காத்தான் என்றே ஒரு பெயர் உண்டு. வேலிக்கு ஆகும் என்று நம்பி விட்ட மரம் இன்று குளத்திலும் தரிசிலும் எப்படி நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலியில் போகிற ஓணானை மறுபடியும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு உயிர்வேலியைப் பற்றி வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் கொரங்காடுகளைப் பாருங்கள். மாடு மேயும் அந்தக் காடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது முள்கிளுவை வேலி. போத்தை (கிளைத் துண்டை) வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும், முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது, வறட்சியில் சாகாது. உங்கள் வீட்டுக்கு மட்டும் நான் அதைச் சொல்லமாட்டேன். கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். காவலுக்கு அது போதும், மறைவுக்குப் போதாது. நீங்கள் வாசலில் அதிகம் உட்காருவதே பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில்தான்.

உங்களுக்கு நான் சொல்வது நொச்சியும் ஆடாதோடையும். வேலிப் பக்கம் ஒரு வரிசை நொச்சி, அதற்கு உள்ளே ஒரு வரிசை ஆடாதோடை. இரண்டையுமே ஆடு தொடாது. ஆடாதோடைக்கு அந்தப் பெயரே அதனால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் போத்து வைத்தால் வரும், உப்புத் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், சளி இருமலுக்கு வீட்டிலேயே மருந்தாகும். நொச்சி உயரமாகப் போகும், ஆனால் வயதானால் அடியில் இலை குறையும். ஆடாதோடை அடியிலிருந்தே அகன்ற இலையோடு அடைத்து நிற்கும். ஒன்றின் குறையை மற்றது மூடும். கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர்கள் சூடிய பூ நொச்சி என்று நம் புறத்திணை சொல்கிறது. அந்த ஊதாப்பூ உங்கள் கம்பி வலையில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள், எனக்கு இப்போதே பார்க்க ஆசையாக இருக்கிறது.

மற்ற செடிகளில் மருதாணி நல்ல வேலிதான், இலை பொடி என்பதால் அடர நாளாகும். செம்பருத்தியை ஆடும் விடாது, மாவுப்பூச்சியும் விடாது. இட்லிப்பூ உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளித்து ஏங்கும். அரளி எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். தெருவோரம், ஆடும் குழந்தைகளும் திரிகிற இடத்தில் எனக்கு மனம் வராது. காகிதப்பூவும் ரங்கூன் மல்லியும் பார்க்க அழகு. இரண்டும் மூன்று வருடத்தில் கட்டுக்கடங்காமல் கனத்து, கம்பி வலையைத் தொட்டில்போலத் தொங்கவிட்டுவிடும். அவற்றுக்கு இரும்புக் குழாய்ப் பந்தல்தான் சரி.

நடவை அவசரப்பட்டு இப்போதே செய்ய வேண்டாம். உங்களுக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசி கடைசியில் போத்து நட்டால் மழை வேர் பிடிக்க வைக்கும். வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு, கேட் பக்கம் நீங்கலாக, 60 அடியும் வாய்க்கால் மாதிரி தோண்டி, மேல்மண்ணும் மட்கிய சாணியும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். இரண்டடி எதற்கென்றால், வேலிக்கும் செடிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைந்து வெட்ட வேண்டும். இதை விடாதவர்கள் எல்லாரும் பிறகு ரோட்டில் நின்று வெட்டுகிறார்கள், அல்லது வெட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். போத்து விரல் தடிமனில், ஒன்றரை அடி நீளத்தில், கீழ்ப்பக்கம் சாய்வாக வெட்டியது. ஒன்றரை அடிக்கு ஒன்று, இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று எதிரே வராமல் இடைவெளிக்கு நேரே வருகிற மாதிரி நடுங்கள். 60 அடிக்கும் நட்டால் வரிசைக்கு 40, மொத்தம் 80 போத்து; கேட் பக்கம் விடுகிற இடத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்போவதற்கு ஈடாக ஒரு இருபதைத் தனியாகப் பையில் ஊன்றி வையுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு வேர்ப்பக்கமே படிந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நின்று நிதானமாக விடுங்கள். மழைத் தண்ணீர் கிடைக்கிற மாதங்களில் மொட்டை மாடிக் குழாயை அந்த வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் படிந்த உப்பு கீழே இறங்கிவிடும்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து மனம் கல்லாக்கிக்கொண்டு செய்யுங்கள். செடி இரண்டரை அடி வந்ததும் ஒன்றரை அடிக்கு வெட்டிவிட வேண்டும். எவ்வளவு சொன்னாலும் யாரும் செய்வதில்லை. இத்தனை நாள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை வெட்டவா என்று கை நடுங்கும். நானே என் வீட்டு வேலியில் முதல் வருடம் வெட்டாமல் விட்டேன். அது ஆறடிக்குப் போனது, உச்சியில் குடை விரித்தது, அடியில் மூன்றடிக்கு வெறும் குச்சி. தெருவில் போகிற நாய்க்குட்டிகூட என் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே போனது. மறுவருடம் முழங்கால் மட்டத்துக்கு வெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வெட்டிய பத்தாம் நாள் போய்க் குனிந்து பாருங்கள். வெட்டு வாய்க்குக் கீழே இலை இருந்த கணுவில் இரண்டு பக்கமும் அரிசி நுனி மாதிரி இரண்டு முளை தள்ளியிருக்கும். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கிளை. அது ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் நாலு. அடர்த்தி என்பது இந்தக் கணக்கில்தான் வருகிறது. பிறகு எப்போது வெட்டினாலும் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் வெட்டுங்கள்; உச்சி அகன்றால் நிழல் விழுந்து அடி இலை உதிர்ந்துபோகும். அடுத்த ஆடிக்கு இடுப்புக்கு மேல் வந்திருக்கும். அதற்கடுத்த ஆடிக்குள் ஐந்தடி நிறைந்துவிடும். அங்கேயே நிறுத்திப் பழக்குங்கள்.

இரண்டு வருடம் எப்படிக் காத்திருப்பது? அதற்குத்தான் அவரை. ஆடிப் பட்டத்தில் வேலியோரம் மூன்றடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. புரட்டாசிக்குள் கம்பி வலை முழுவதும் இலையாகிவிடும், மார்கழி, தையில் காய். கொடி கனமில்லாதது, கல்லுக்காலுக்குப் பாரமில்லை. நடுநடுவே சங்குப்பூ விதையையும் போடுங்கள். ஆடு வெளியிலிருந்து வலைக்குள் வாயை விட்டு எட்டுகிற வரை தின்னும். வெளிப்பக்கமாகக் கீழ் மூன்றடிக்குக் காய்ந்த கிளுவை முள்ளைச் செருகிவிட்டால் நிற்கும். அசுவினிப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். அடுத்த ஆடியில் நொச்சிக்கு நடுவே மறுபடியும் ஒருமுறை அவரை போட்டால், செடி அடைக்காத சந்துகளை அது அடைத்துவிடும்.

மாமியாரின் தட்டிக்கு மூங்கில் பிளாச்சு, அல்லது உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னங்கீற்று. கீற்று ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாற்ற வேண்டும். மாற்றுவது அரைநாள் வேலை. மூங்கிலை வாங்கியதும் கட்டிவிடாதீர்கள். பச்சை மூங்கிலில் இனிப்பு இருக்கும், வண்டு துளைத்து அடியில் மாவு கொட்டும். தொட்டித் தண்ணீரில் முழுதாக மூழ்க இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திக் கட்டினால் பல வருடம் வரும். தட்டியின் அடி தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும், கரையான் ஏறாது. துணி துவைக்கிற கல் தனியாக இருந்து, அதற்கு நிழலும் வேண்டுமென்றால் அங்கே ஏழடி உயரத்தில் ஒரு சின்னப் பந்தலை வடக்கு வேலி வரை இழுத்து, இந்த வருடம் பீர்க்கும் பாகலும், நிரந்தரத்துக்கு முல்லையும் ஏற்றுங்கள். மேலிருந்து வரும் பார்வைக்குப் பந்தலை விடச் சிறந்த மறைப்பு இல்லை.

செடி வேலி அடர்ந்தால் பாம்பு வரும் என்று யாராவது சொல்வார்கள். பாம்பு தேடுவது எலியும் குப்பையும் உள்ள இடத்தை. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கிளையை நீக்கி, உதிர்ந்த இலையைப் பெருக்கி, மட்டை, செங்கல் எதையும் அங்கே அடுக்காமல் இருந்தால் பயமில்லை. கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஆறடிக்கு எதுவும் நடாதீர்கள். வண்டி எடுக்கும்போது ரோடு தெரிய வேண்டும். வெளியூர் போனால் நாலு பேர் கண்ணில் வாசல் படவும் வேண்டும். டீக்கடைக்காரரின் பார்வை நீங்கள் ஊரில் இல்லாத நாளில் காவல்தான்.

பால்கனி விஷயம். நான் வழக்கறிஞன் அல்ல, ஆனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. 1882ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் (அக்கம்பக்கத்து இடங்களுக்கு இடையிலான அனுபவ உரிமை பற்றியது) 18ஆம் பிரிவு, அண்டை வீட்டின் அந்தரங்கத்தில் தலையிடும்படி புது சன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஒரு ஊரில் இருந்தால் அதை உரிமையாக ஏற்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு அலையும் நேரத்தில் ஒரு கூடை அவரைக்காயோடு அந்த வீட்டம்மாவைப் போய்ப் பாருங்கள். பால்கனிக் கம்பியோரம் நாலு தொட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். உங்களுக்கு அவர்கள் தெரிகிற மாதிரிதான் அவர்களுக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் அதே கூச்சம் இருக்கும்.

அவரை விதையைக் கடைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள், குட்டை ரகமாக இருந்தால் கொடி ஏறாது. ஊரில் யார் வீட்டு வேலியிலாவது போன தையில் படர்ந்து காய்த்திருக்கும், அவர்கள் பானையில் விதை இருக்கும். வைகாசி முடிவதற்குள் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.